ஏழு பத்தொன்பதுகள்

ஜனவரி 1, திங்கள்

புது டைரி. செல்வின் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பைபிள் வசனம் அச்சடித்திருக்கிறார்கள். எழுதுவதற்கு இடத்தைக் குறைத்துவிட்டார்கள்.

புத்தாண்டானாலும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு ஏது லீவு? ஏழு மணிக்குப் போய் முதல் வேலையாகச் சோதனை அழைப்புகள். தீயணைப்பு நிலையம், காவல் நிலையம், மருத்துவமனை அவசரப் பிரிவு மூன்றுக்கும் அடித்து, மணி போகிறதா, எடுக்கிறார்களா, குரல் இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று பார்த்து நோட்டில் டிக் போட வேண்டும். தீயணைப்பில் ஆறாவது மணியில் எடுத்தார்கள். காவல் நிலையத்தில் எரிந்து விழுந்தார்கள். மருத்துவமனையில் ஆவுடைச்செல்வி வழக்கம்போல இரண்டாவது மணியில் எடுத்தாள்.

“வணக்கம், அவசரப் பிரிவு, சொல்லுங்க.”

“எக்ஸ்சேஞ்சு.”

“பியூலாக்காவா? ஹேப்பி நியூ இயர்க்கா. கோயிலுக்குப் போகலியா?”

“நேத்தே போயாச்சு. நல்லா கேக்குதா?”

“நல்லா கேக்குதுக்கா.”

பதினோரு வருடமாக இதே பேச்சுதான். முகம் பார்த்ததில்லை.

எட்டே முக்காலுக்குக் கோயில்களில் ஆராதனை முடிந்தது. பாளையங்கோட்டை மொத்தமும் ஒரே நேரத்தில் போனைத் தூக்கியது. பத்து மணி வரை எல்லா வழிகளும் நிறைந்து கிடந்தன. அதன்பிறகு சரியாகிவிட்டது.

மதியம் ஆட்டுக்கறி. உப்பு அதிகம் என்று செல்வின் சொன்னார். வைத்ததே அவர்தான்.

ஜனவரி 2, செவ்வாய்

டிசம்பர் அறிக்கை அனுப்பினேன். நெரிசலால் தோற்ற அழைப்புகள் நூற்றுக்கு அரை கூட இல்லை. இரண்டு வருடமாக மாவட்டத்தில் நாங்கள்தான் முதல். மேனேஜர் சண்முகவேல் சார் போனில் “ஒங்க எக்ஸ்சேஞ்ச பாத்துப் படிக்கச் சொல்லணும் எல்லாரையும்” என்றார். போன வருடம் இதற்காகக் கொடுத்த சுவர்க்கடிகாரம் என் மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறது. நன்றாகத்தான் ஓடுகிறது.

முருங்கையில் கம்பளிப்பூச்சி. ஆள் சொல்ல வேண்டும்.

ஜனவரி 4, வியாழன்

பேப்பரில் செய்தி. கீழப்புளியடியைச் சேர்ந்த தையல்காரர் பொன்னுத்துரையின் மனைவி புத்தாண்டுக் காலையில் நெஞ்சுவலியால் இறந்துவிட்டார். ஆம்புலன்சுக்காக மருத்துவமனை அவசர எண்ணுக்கு ஏழு முறை அடித்தும் யாரும் எடுக்கவில்லையாம். “பண்டிகை போதையில் ஆபரேட்டர்” என்று தலைப்பு. ஆவுடை காபிக்கு மேல் எதுவும் குடித்திருக்க மாட்டாள். எழுதுகிறவனுக்கு என்ன வந்தது?

செல்வின் படித்துவிட்டுக் கேட்டார்: “அந்தப் பிள்ளை எடுக்கலன்னு அவருக்கு எப்படித் தெரியும்? லைன் கிடைக்காம இருந்திருக்கலாம்லா?”

எக்ஸ்சேஞ்சே சொல்லிவிடும் என்றேன். இருபத்திரண்டு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியும் அவருக்கு இது தெரியாது என்பதால் விளக்கினேன். பேச்சு போவதற்கு முன்னால் செய்தி போகும். பேச்சுக்கு ஒரு பாதை, அதை ஏற்பாடு செய்யும் செய்திகளுக்கு வேறொரு பாதை. அந்தச் செய்திப் பாதையில் நான்கு தட்டுகள். அடித்தட்டு வெறும் கம்பி. இரண்டாம் தட்டு, செய்தி சிதையாமல் வந்ததா என்று பார்த்து, சிதைந்திருந்தால் திரும்ப அனுப்பச் சொல்லும். மூன்றாம் தட்டு எந்த ஊருக்கு என்று பார்த்து வழி திருப்பும். மேல்தட்டுதான் அழைப்பைப் பற்றிப் பேசும். இன்ன எண் வேண்டும், மணி அடிக்கிறது, எடுத்துவிட்டார், வைத்துவிட்டார், எல்லாம் அதன் பேச்சு. ஒரு அழைப்பு முடியும்போது ஏன் முடிந்தது என்று ஒரு காரண எண்ணும் சேர்ந்து வரும். பேசி முடித்து வைத்தால் 16. மணி அடித்தும் எடுக்காவிட்டால் 19. போக வழியே இல்லையென்றால் 34. அந்த எண்ணுக்குத் தகுந்தபடி அழைத்தவர் காதில் பதிவுசெய்த குரல் சொல்லும்.

“அப்ப அது பொய் சொல்லாது” என்றார்.

“ஒரு புள்ளி மாறாம கொண்டு சேக்கும்” என்றேன். அது அவர் கேட்டதற்குப் பதில் இல்லை என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

ஜனவரி 6, சனி

மருத்துவமனையிலிருந்து கடிதம். ஒன்றாம் தேதி காலை கீழப்புளியடியிலிருந்து வந்த ஏழு அழைப்புகளின் முடிவைச் சான்றளிக்கும்படி கேட்டிருக்கிறார்கள். கீழப்புளியடி அழைப்பு எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு வந்து, எங்களிடமிருந்துதான் மருத்துவமனைப் பகுதி எக்ஸ்சேஞ்சுக்குப் போக வேண்டும். ஆவுடையை விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். விசாரணை பத்தொன்பதாம் தேதி.

சுருக்கப் பட்டியலைப் பார்த்தேன். காலை 9.04 முதல் 9.25 வரை ஏழு அழைப்பு. ஏழும் 19.

எனவே எடுக்கவில்லை. அவ்வளவுதான்.

ஜனவரி 7, ஞாயிறு

கோயிலிலிருந்து நேரே எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். குடையை வைத்துவிட்டு வந்திருந்தேன்.

போனதுதான் போனோம் என்று விரிவான பதிவையும் திறந்து பார்த்தேன். வந்த செய்தி, போன செய்தி ஒவ்வொன்றும் நேரத்தோடு அதில் இருக்கும். முதல் அழைப்பு 9.04.11க்கு வந்து 9.04.11க்கே முடிந்திருக்கிறது. ஒரு நொடிகூட ஆகவில்லை. ஏழும் அப்படியே. ஒரு நொடிக்குள் யாரும் போனை எடுக்காமல் இருக்க முடியாது. எடுக்காமல் இருப்பதற்கு முதலில் மணி அடிக்க வேண்டும். மணி அடிக்கிறது என்று மறுபக்கம் சொல்லும் செய்தி ஏழிலும் இல்லை. மருத்துவமனைப் பக்கம் ஒரு செய்திகூடப் புறப்படவே இல்லை. அங்கே போகும் முப்பது வழியும் நிறைந்திருந்தன.

குடை வீட்டில்தான் இருந்தது.

ஜனவரி 8, திங்கள்

எரிவாயு சிலிண்டர் வந்தது. ஆள் வந்து முருங்கைக்கு மருந்தடித்தான்.

காரண எண்களை மாற்றும் அட்டவணையைப் பார்த்தேன். வேற்று எக்ஸ்சேஞ்சுகளின் எண்களைப் புரிந்துகொள்ள வைத்திருக்கும் பட்டியல் அது. நாற்பதாவது வரியில் 34 வந்தால் 19 என்று அனுப்பு என்று இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு மார்ச் மாதத்தில் சேர்க்கப்பட்டது. சேர்க்கப்பட்டது என்றுதான் எழுதுகிறேன். நெரிசல் என்று போனால் அது எக்ஸ்சேஞ்சின் குற்றம், மெமோ வரும். பதில் இல்லை என்று போனால் அது சந்தாதாரரின் குற்றம், மெமோ வராது. வீட்டில் ஆள் இல்லாததற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?

விரிவான பதிவு பதினைந்து நாள்தான் இருக்கும். பிறகு அதன்மேல் புதியது எழுதிக்கொள்ளும். சுருக்கம் மட்டும் வருடக்கணக்கில் நிற்கும்.

ஜனவரி 9, செவ்வாய்

மேனேஜரிடம் போனில் சொன்னேன். பாதி சொல்வதற்குள் இடைமறித்தார்.

“பியூலா, அவங்க என்ன கேட்டிருக்காங்க?”

“ஏழு காலும் எப்படி முடிஞ்சுதுன்னு, சார்.”

“எப்படி முடிஞ்சிருக்கு?”

“19ன்னுதான் இருக்கு. ஆனா சார்...”

“கேட்டதுக்குப் பதில் எழுதுங்க. கேக்காததுக்கு ஏன் எழுதுதீங்க? அந்த லைன் யாரு ஐடில போட்டதுன்னு சிஸ்டம்லயே இருக்கும்லா? ஒங்களுக்கு இன்னும் எட்டு வருஷம் சர்வீஸ் கெடக்கு.”

மூன்று வருடம் முன்பு எங்களைக் கூட்டி வைத்து “எப்படியாவது நெரிசலைக் குறைச்சுக் காட்டுங்க” என்று சொன்னவரும் அவர்தான். ‘எப்படியாவது’ என்ற சொல் எந்தப் பதிவிலும் இல்லை.

ஜனவரி 10, புதன்

ஆவுடை எக்ஸ்சேஞ்சுக்கே வந்துவிட்டாள். குரலை வைத்து ஒல்லியான பெண் என்று நினைத்திருந்தேன். கனத்த உடம்பு, முன்பக்கம் நரை, கையில் ஒரு நீள நோட்டு. வாசலில் நின்று “பியூலாக்கா” என்றதும்தான் யாரென்று தெரிந்தது.

நோட்டை மேசைமேல் விரித்தாள். வரும் ஒவ்வொரு அழைப்பையும் நேரம் போட்டு எழுதுவது அவள் பழக்கம். ஒன்றாம் தேதி பக்கத்தில் 9.06க்கு ஒருவர் ரத்தம் கேட்டிருக்கிறார். 9.11க்கு ஒரு பிரசவம். 9.19க்குத் தவறான எண். அந்த முப்பது வழியில் எப்படியோ இடம் கிடைத்தவர்கள் அவர்கள்.

“நான் சீட்ட விட்டு எந்திரிக்கவே இல்லக்கா. பின்னால எழுதிக்கிட்டேன்னு சொல்லுதாவ. இந்த நேரத்துல எல்லாம் எடுத்தவ, அந்த மனுசன் அடிச்சா மட்டும் எடுக்காம இருப்பனா? போர்டுல பல்பு எரியலக்கா. எரிஞ்சா நான் எடுத்திருப்பேன்.”

“ம்.”

“ஒங்க மிஷின்ல பாத்தா எத்தன மணி அடிச்சுதுன்னு தெரியுமாமே. நீங்க பாத்தியளா?”

“பட்டியல்ல 19ன்னு இருக்கு. பதில் இல்லைன்னு அர்த்தம்.”

அவள் என்னை நம்பவில்லை என்றால் பரவாயில்லை. நம்பினாள். “அப்ப எங்க போர்டுலதான் ஏதோ கோளாறா இருக்கும் என்னக்கா” என்று நோட்டை மடித்தாள்.

போகும்போது வீட்டு நம்பர் எழுதிக் கொடுத்தாள். “காலைல இருந்து சாயந்தரம் வரைக்கும் யாரு யாரோ அடிச்சு வையுதாவக்கா. கொலகாரிங்காவ. நம்பர் தெரியுத பொட்டி ஒண்ணு வாங்கி மாட்டியிருக்கேன். எதையும் எடுக்கது இல்ல. ஒங்க எக்ஸ்சேஞ்சு நம்பர் எனக்கு மனப்பாடம்லா. ஏதாவது தெரிஞ்சா அடிங்க. அது ஒண்ண மட்டும் எடுப்பேன்.”

டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தாள்.

ஜனவரி 12, வெள்ளி

சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். ‘எங்கள் பதிவுகளின்படி மேற்கண்ட ஏழு அழைப்புகளும் காரண எண் 19, அதாவது பதிலின்மை, என்று முடிவுற்றன.’ இதில் பொய் என்று ஒரு சொல்லைக் காட்டச் சொல்லுங்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோற்றை நாமே பரிமாறினால் முடியும்.

சாயந்தரம் குடும்ப ஜெபத்தில் செல்வின் ஆவுடைச்செல்வி பெயரைச் சொல்லி, உண்மை வெளிப்பட வேண்டும் என்று ஜெபித்தார். நான் ஆமென் சொன்னேன்.

ஜனவரி 13, சனி

இட்லி மாவு புளித்துவிட்டது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பக்கத்து வீட்டு மீனாட்சியம்மாள் தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கலும் கரும்பும் கொடுத்துவிட்டுப் போனார்.

நாளை 9.04லிருந்து 9.25க்குள் அந்த ஏழு அழைப்புகளின் விரிவான பதிவும் ஒவ்வொன்றாக அழியும். அச்சடிக்க இரண்டு நிமிடம் போதும். இரண்டே தாள். கடிதம் எதுவும் வேண்டாம், உறையில் போட்டு மருத்துவமனை விலாசம் எழுதினால் போதும். இன்று எக்ஸ்சேஞ்சில் என்னைத் தவிர யாரும் இல்லை. சாயந்தரம் நாலு மணி வரை இருந்தேன். பேப்பர் இருக்கிறதா என்று பிரிண்டரைத் திறந்து பார்த்தேன். இருந்தது. மூடினேன்.

யாருக்காக இதையெல்லாம் எழுதுகிறேன்? பயந்தேன் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டுப் போகலாம். பயந்தேன்.

ஜனவரி 16, செவ்வாய்

பரிசுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 9.26.

ஜனவரி 19, வெள்ளி

விசாரணை. மருத்துவமனை நூலக அறையில் நீள மேசை. நடுவில் நிர்வாக அதிகாரி, ஒரு பக்கம் ஆவுடை, எதிரே பொன்னுத்துரை. நான் சாட்சி. அதாவது இயந்திரத்தின் சார்பில்.

பொன்னுத்துரை சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். மெலிந்த மனிதர், சட்டைப்பையில் நூல்கண்டு எட்டிப் பார்த்தது. கூப்பிட்டதும் எழுந்து நின்று பேசினார்.

“ஏழு தடவ அடிச்சேம் சார். ஏழு தடவயும் அந்தப் பொம்பள ரெக்கார்டு, நீங்கள் அழைத்த எண்ணிலிருந்து பதில் இல்லைன்னு சொல்லிச்சு. லைன் கெடைக்கலன்னு சொல்லியிருந்தா நான் அப்பமே ரோட்டுக்கு ஓடி ஆட்டோவப் புடிச்சிருப்பேன். பதில் இல்லைன்னுல்லா சொல்லுது. ஆசுபத்திரிதான, ஆளு இருக்கும், இந்தா எடுப்பாவ, இந்தா எடுப்பாவன்னு அங்கனயே நின்னுட்டேம். இருவது நிமிசம். அவ என்னயவே பாத்துக்கிட்டு இருந்தா.”

அவர் உட்கார்ந்த பிறகும் எனக்கு அந்த இருபது நிமிடம் ஓடிக்கொண்டே இருந்தது. இதுவரை நான் ஒரு வேலையைப் பற்றி மட்டும்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். நாற்பதாவது வரி அந்த வீட்டுக்குள்ளும் போயிருக்கிறது. இரண்டாம் தட்டு சிதையாமல் பார்த்துக்கொண்டது, மூன்றாம் தட்டு வழி தவறாமல் அனுப்பியது, பதில் இல்லை என்ற பொய் ஒரு புள்ளி மாறாமல் ஏழு முறை அவர் காதில் போய்ச் சேர்ந்தது.

என் முறை வந்தது. சான்றிதழை வாசித்தேன். ஏதாவது கேட்க வேண்டுமா என்று ஆவுடையிடம் கேட்டார்கள்.

“ஒண்ணு மட்டும்” என்று என்னைப் பார்த்தாள். “ஏழு தடவயும் எத்தன மணி அடிச்சுதுக்கா?”

“அந்த விவரப் பதிவு இப்போ இல்லை. பதினைஞ்சு நாள்தான் இருக்கும்.”

“எப்ப வரைக்கும் இருந்துது?”

“பதினாறாம் தேதி வரைக்கும்.”

அவள் விரலை மடக்கி எண்ணவில்லை. நேரம் போட்டே பழகியவள். மெதுவாக, டெஸ்ட் காலில் கேட்கும் அதே குரலில் சொன்னாள்: “நான் பத்தாம் தேதி வந்தேன்லாக்கா.”

அறையில் வேறு யாருக்கும் அது புரியவில்லை. நிர்வாக அதிகாரி “வேற?” என்றார். “வேற ஒண்ணும் இல்ல சார்” என்று நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜனவரி 20, சனி

ஆவுடையை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். பதினாலு வருட சர்வீஸ்.

செல்வின் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “ஒங்க மிஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். குத்தலாகச் சொல்லத் தெரியாத மனுஷன். குத்தியது.

ஜனவரி 22, திங்கள்

சோதனை அழைப்பு. தீயணைப்பு, ஐந்தாவது மணி. காவல் நிலையம், மூன்றாவது. மருத்துவமனை, ஒன்பதாவது மணி. புதுக் குரல்.

“யாரு?”

எக்ஸ்சேஞ்சு என்றேன். எதுக்கு என்றாள். கேட்கிறதா என்று பார்க்க என்றேன். வைத்துவிட்டாள். டிக் போட்டேன்.

ஜனவரி 24, புதன்

நாற்பதாவது வரியை நீக்கினேன். சேர்த்ததும் நான்தான். அப்போது மேனேஜர் பக்கத்தில் இல்லை, யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. மற்ற எக்ஸ்சேஞ்சுகள் மெமோவுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் புத்திசாலித்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த அன்று வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனேன், என்ன விசேஷம் என்று செல்வின் கேட்டார்.

இன்று சாயந்தரம் முதல் 34 என்பது 34தான். கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, பாவத்தையாவது அதன் இடத்தில் கொண்டுவந்து வைத்தாயிற்று என்று நினைத்தேன்.

ஜனவரி 25, வியாழன்

பதினொரு மணிக்கு மேனேஜர் அழைத்தார். நேற்றைய ஐந்து மணி நேரத்திலேயே நெரிசல் நூற்றுக்கு ஒன்பது. மாவட்டத்தில் கடைசி.

“திடீர்னு என்னாச்சு ஒங்க எக்ஸ்சேஞ்சுக்கு?”

“ஒண்ணும் ஆகல சார். எப்பவும் இப்படித்தான் இருந்துது.”

“பியூலா, விசாரணை முடிஞ்சு ஒரு வாரம் ஆகல. இப்பப் போயி எண்ணு மாறுனா, எதுக்கு மாறுச்சுன்னு ஒருத்தன் கேப்பான். ஒங்க கையெழுத்து அங்க கெடக்கு. மத்தியானத்துக்குள்ள சரி பண்ணுங்க.”

சரி பண்ணச் சொன்னார். அதாவது கெடுக்கச் சொன்னார். மத்தியானத்துக்குள் செய்தேன். சாப்பாட்டுக்கு முன்பே செய்தேன். ஒரே வரிதானே.

ஜனவரி 27, சனி

செல்வினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும், “எங்கிட்ட ஏன் சொல்லுத?” என்றார். அதன்பிறகு சாயந்தர ஜெபத்தை அவர் தனியாகச் செய்துகொண்டார்.

ஜனவரி 29, திங்கள்

மூன்று சோதனை அழைப்புகளும் முடிந்தன. நாலாவதாக ஆவுடையின் வீட்டு நம்பரை அடித்தேன். அவளிடம் என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். முதல் வரி: “ஒன் போன் அடிக்கவே இல்லை, ஆவுடை.” அடுத்தது, இதை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், நீ யாரிடம் வேண்டுமானாலும் கொடு என்பது. எடுத்தால் சொல்லிவிடுவேன் என்று இருந்தேன். எடுத்தால்.

திரையில் விரிவான பதிவைத் திறந்து வைத்திருந்தேன். 7.22.05க்கு என் செய்தி போனது. ஒரு நொடிக்குள் பதில் வந்தது: எண் சரி, மணி அடிக்கிறது. கண்ணால் பார்த்தேன். அவள் வீட்டில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவளுக்குப் போக இடம் கிடையாது, வேலை கிடையாது. அந்தப் பெட்டியில் எங்கள் நம்பர் விழுந்திருக்கும். அது ஒன்றை மட்டும் எடுப்பேன் என்று சொல்லியிருந்தாள்.

ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு எண்ணினேன். இருபத்தொன்பது மணி. 7.23.35க்கு அங்கிருந்து செய்தி திரும்பி வந்தது. காரண எண் 19.

வழி இருந்தது. மணி அடித்தது. ஆள் இருந்தாள். எடுக்கவில்லை. இரண்டு வருடமாக என் எக்ஸ்சேஞ்சிலிருந்து வெளியே போன ஆயிரக்கணக்கான பத்தொன்பதுகளில் எது நிஜம், எது நான் செய்தது என்று எனக்கே தெரியாது. இது நிஜம்.

தாளை மடித்து இந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாளை காலை சோதனை அழைப்புகள் ஏழு மணிக்கு.